தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு குட்டிக் கணினி: ஃபர்ம்வேரும் கிளவுடும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. வயதானவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். டவுனை விட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), அதற்குள்ளே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் இரும்புக் கால்கள்மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் சாய்த்துக் கட்டிய துருப்பிடித்த ஏணி.

திருவிழாவில் அன்னதானம் சமைக்கும்போது பாதியில் தண்ணீர் தீர்ந்துவிடும். யாராவது ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "இன்னும் கால் தொட்டிதான் இருக்கு" என்று கீழே கத்த வேண்டும். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், முன்பு தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர், ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, ஏறாம பார்க்க ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்றார். "பண்ணிடலாம் தாத்தா" என்று சொல்லிவிட்டேன். செய்தும் விட்டேன். ஆனால் ஏணி ஏறாமல் இருப்பதற்காகச் செய்த கருவிக்காக முதல் வருடத்தில் மட்டும் ஏழெட்டுத் தடவை நான் அந்த ஏணியில் ஏறினேன். ஏன் ஏற வேண்டியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாலே இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும் என்பதால் அந்த வழியிலேயே போகிறேன்.

முதலில் ஃபர்ம்வேர். தமிழில் நிலைபொருள் என்று எழுதுகிறார்கள். ஹார்ட்வேர் கையால் தொடக்கூடியது, சாஃப்ட்வேர் தொட முடியாதது, இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு ஃபர்ம்வேர் என்று 1967இல் பெயர் வைத்தவர் ஆஷர் ஒப்லர் என்ற அமெரிக்கர். அவர் மனதில் இருந்தது கணினியின் பிராசஸருக்குள்ளேயே புதைந்திருக்கும் நுண்நிரல். பிறகு அந்தச் சொல்லின் பொருள் விரிந்து, இன்றைக்கு ஒரு பொருளுக்குள் நிரந்தரமாகக் குடியிருந்து அந்தப் பொருளை இயக்கும் எந்த நிரலும் ஃபர்ம்வேர்தான். உங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தில் இருக்கிறது, தானாகத் திறக்கும் வாசல் கதவில் இருக்கிறது, வைஃபை பெட்டியில் இருக்கிறது.

கைப்பேசிச் செயலி (ஆப்) எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செயலி தடுமாறினால் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், மூடிவிட்டுத் திறந்துகொள்வார். தொட்டிமேல் இருக்கும் கருவிக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. அது மாட்டிக்கொண்டால் தானேதான் எழுந்து வர வேண்டும். இனிமேல் நான் சொல்லப் போகும் எல்லாமே, எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும், இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்: கருவி உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

நான் பயன்படுத்தியது இஎஸ்பி32 என்ற சிப் உள்ள ஒரு சின்னப் பலகை. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. இணையத்தில் இருபது முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிவிடலாம், வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளை), 520 கிலோபைட் நினைவகம், நிரலை வைத்துக்கொள்ள வழக்கமாக 4 மெகாபைட் ஃபிளாஷ். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல படம் அந்த 4 மெகாபைட்டை நிரப்பிவிடும். அவ்வளவுதான் இடம், அதற்குள்தான் குடித்தனம்.

அதில் ஓடும் நிரலும் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. விழித்துக்கொள், அளந்து பார், அனுப்பு, தூங்கு, மறுபடி விழித்துக்கொள். கரண்ட் இருக்கும்வரை இதேதான்.

அளப்பதற்கு நான் வைத்தது தண்ணீர் புகாத மீயொலி உணரி, பின்னோக்கிப் போகும்போது பீப் பீப் என்று கத்துமே காரில், அந்த வகைதான். மேலிருந்து ஒலியை அனுப்பும், அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடலாம். கேட்க எளிதாக இருக்கிறது. மாட்டிய இரண்டாம் நாளிலிருந்தே ஒரு வேடிக்கை: தினமும் மத்தியானம் யாரும் மோட்டார் போடாமலே தொட்டியில் தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் ஏறியது, சாயந்திரம் இறங்கியது. பெரியவரிடம் சொன்னபோது "ஆத்தா ஏத்துறா" என்று சிரித்தார். ஆத்தா இல்லை, வெயில். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். கறுப்புத் தொட்டிக்குள் 40 டிகிரி ஆனால் அது 355 ஆகிவிடும். ஒலி சீக்கிரம் திரும்பி வருகிறது, என் நிரலோ இன்னும் 343 என்றே நம்பிக்கொண்டிருக்கிறது, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஐந்து சென்டிமீட்டர் பொய் வந்துவிடுகிறது. ஒரு வெப்ப உணரியைச் சேர்த்தவுடன் சரியாகிவிட்டது. இன்னொன்று, இந்த வகை உணரிக்கு முகத்துக்கு மிக அருகில், சுமார் 20 சென்டிமீட்டருக்குள், எதுவும் தெரியாது, அதனால் தொட்டி நிரம்பும்போதுதான் அது உளற ஆரம்பிக்கும். கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள். ஒரே அளவை நம்பாமல் ஐந்து முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். ஏணிப் பயணக் கணக்கில் இது வரைக்கும் இரண்டு.

மூன்றாவது பயணம், கருவி உறைந்துபோனது. விளக்கு எரிகிறது, ஆனால் எதுவும் அனுப்பவில்லை. வைஃபைக்காகக் காத்திருக்கும் இடத்தில் என் நிரல், கிடைக்கும்வரை நில் என்று எழுதப்பட்டிருந்தது, கிடைக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தது. இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு, வாட்ச்டாக், அதாவது காவல் நாய். சிப்புக்குள் தனியாக ஓடும் ஒரு கடிகாரம் அது. நிரல் குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒரு தடவை "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அதைத் தட்டிக் கொடுக்க வேண்டும். தட்டவில்லை என்றால் நிரல் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி மொத்தக் கருவியையும் அணைத்து மறுபடி எழுப்பிவிடும். நிரை நிரையாகப் போய்க் குரல் கொடுத்துப் பார்க்கும் மண்டோர் மாதிரி, பதில் வரவில்லை என்றால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். எழுதுகிற ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு கால எல்லை வையுங்கள், அதற்கு மேல் காவல் நாயையும் கட்டுங்கள்.

சரி, அளந்ததை எப்படி வெளியே அனுப்புவது? கோயில் அலுவலகத்தில் வைஃபை இருந்தது, முப்பது மீட்டர் தூரம், எனக்குச் சிரமம் இல்லை. (இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் இணைக்கப் பார்த்து அரை நாள் வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.) வைஃபை எட்டாத இடம் என்றால், செம்பனைக்கு நடுவில் இருக்கும் பம்ப் ஹவுஸ் மாதிரி, லோரா என்ற வானொலி முறை இருக்கிறது, வேகம் மிகக் குறைவு ஆனால் சில கிலோமீட்டர் போகும், மட்டை அடர்ந்த இடத்தில் அந்தத் தூரம் நன்றாகவே குறையும். இல்லை என்றால் சிம் கார்டு. சிம் கார்டு போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசையை மட்டும் நம்பி மாட்டிய கருவி, உள்ளே ஒரு குறையும் இல்லாமலே அன்றோடு ஊமை. பத்து வருடம் உழைக்கப் போகும் ஒரு பொருளை மாட்டும்போது அது பேசும் பாதையும் பத்து வருடம் இருக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பாதை எதுவானாலும் அதன்மேல் பேசும் மொழி ஒன்று வேண்டும், பெரும்பாலானவர்கள் எம்கியூடிடி என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் சேர்ந்து, பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. துணைக்கோள் வழியாகப் பேசினால் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு, அதனால் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் தலைப்பகுதி இரண்டே பைட்டில் முடிந்துவிடும்படி சிக்கனமாகச் செய்தார்கள். எண்ணெய்க் குழாயின் சிக்கனம் இன்றைக்கு எங்கள் கோயில் தொட்டிக்கு உதவுகிறது.

இது வேலை செய்யும் விதம் இப்படி: நடுவில் ஒரு தரகர் இருப்பார், புரோக்கர் என்றே பெயர். கருவி தரகரிடம் "கோயில்/தொட்டி1/மட்டம்" என்ற தலைப்பில் 62 என்று போட்டுவிட்டுப் போய்விடும். அந்தத் தலைப்பைக் கேட்கிறேன் என்று யார் யார் பதிந்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் தரகர் அனுப்பிவிடுவார். கருவிக்கு என் கைப்பேசி எங்கே என்று தெரிய வேண்டியதில்லை, எனக்கும் கருவியின் முகவரி தெரிய வேண்டியதில்லை. தலைப்பைத் தமிழிலேயே வைக்கலாம், தடை இல்லை, நான் வைத்தும் பார்த்தேன். எழுத்துகளைக் கணினியில் வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்து, அதோடு சேரும் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி) மூன்று பைட், "கோயில்" என்ற சொல்லுக்கு மட்டும் 18 பைட் ஆகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் 5. இப்போது எங்களிடம் இருக்கும் ஒன்பது கருவிக்கு இந்தச் செலவு ஒன்றுமே இல்லை, ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். துணைக்கோளுக்குக் காசு கட்டுகிறவர் யோசிக்கட்டும்.

எம்கியூடிடியில் எனக்குப் பிடித்தது லாஸ்ட் வில், கடைசி உயில். கருவி இணையும்போதே தரகரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து வைக்கும்: "நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் இந்தச் செய்தியை எல்லாருக்கும் அனுப்பிவிடு." பிறகு கரண்ட் போனாலும் இடி விழுந்தாலும், கொஞ்ச நேரம் சத்தம் இல்லை என்றதும் தரகரே "தொட்டி1 போய்விட்டது" என்று அறிவித்துவிடுவார். செத்தவன் தானே வந்து சாவுச் செய்தி சொல்ல முடியாதல்லவா, அதற்கான ஏற்பாடு.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானமானது. தொடக்கத்தில் என் திரையில் ஒரு எண் மட்டும்தான் இருந்தது: 70 சதவீதம். வெள்ளிக்கிழமை பார்த்தேன், 70. சனிக்கிழமை பார்த்தேன், 70. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கூப்பிட்டு, "தம்பி, தொட்டி காய்ஞ்சு கிடக்கு, உன் டப்பா என்னா சொல்லுது?" என்றார். டப்பா வெள்ளிக்கிழமை காலையிலேயே செத்துவிட்டது, திரை கடைசியாகக் கேட்ட எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எந்த எண்ணைக் காட்டினாலும் அதன் பக்கத்தில் அது எப்போது வந்தது என்பதையும் காட்டுகிறேன். பழைய எண் இருப்பது எண்ணே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அது நம்பிக்கை கொடுக்கிறது.

இந்த இடத்தில்தான் கிளவுட் வருகிறது. கிளவுட் என்றால் வேறு ஒருவருடைய கட்டடத்தில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள், நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான், மேகமும் இல்லை மந்திரமும் இல்லை. முன்பு நம் பக்கத்துத் தகவல் பெரும்பாலும் சிங்கப்பூர் போய்த் திரும்பும், 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே தன் மையத்தைத் திறந்தது. ஒரே ஒரு தொட்டிக்கு வாடகை கிளவுட் தேவையில்லை, பழைய கணினியில் மஸ்கீட்டோ என்ற இலவசத் தரகர் மென்பொருளைப் போட்டாலே போதும், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கருவிகள் பெருகும்போதுதான், அதிலும் அவற்றை யார் யார் பார்க்கலாம், எது எந்தப் பதிப்பில் ஓடுகிறது, எதற்கு என்ன கட்டளை என்று கணக்கு வைக்க வேண்டி வரும்போதுதான், கிளவுடின் அருமை தெரியும்.

இதைப் பெரியவருக்கு விளக்க நான் பெரட்டைத்தான் பிடித்துக்கொண்டேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடியும் முன்னே எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள், பெயர் கூப்பிடுவார்கள், வந்தவர் யார் வராதவர் யார் என்று குறித்துக்கொண்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், அதையெல்லாம் புத்தகத்தில் ஏற்றுவார். கருவிகளை நிர்வகிப்பது என்று பெரிய பெயரில் சொல்வது இந்தப் பெரட்டும் கிராணியின் புத்தகமும்தான். ஒவ்வொரு கருவியும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்" என்று சொல்கிறது. கூடவே தன் பதிப்பு எண், சிக்னல் எவ்வளவு, கடைசியாக எதனால் அணைந்து எழுந்தது என்பதையும் சொல்லும்படி எழுதிவிடுங்கள். அந்தக் கடைசித் தகவல் பொன். கரண்ட் போய் எழுந்ததா, காவல் நாய் கடித்து எழுந்ததா என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

வேலை பிரித்துக் கொடுப்பதற்கும் இங்கே ஒரு முறை உண்டு. அமேசான் அதை நிழல் என்கிறது, மைக்ரோசாஃப்ட் இரட்டை என்கிறது, விஷயம் ஒன்றுதான். திருவிழா நாளில் ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும் என்று வையுங்கள். நான் கட்டளை அனுப்பும் நேரத்தில் கருவி தூங்கிக்கொண்டிருக்கலாம், காதில் விழாது. அதனால் கிளவுடில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம், அதில் இரண்டு பத்தி: "எப்படி இருக்க வேண்டும்" என்று நான் எழுதுவது ஒன்று, "எப்படி இருக்கிறேன்" என்று கருவி எழுதுவது ஒன்று. கருவி எழுந்து வந்ததும் முதல் பத்தியைப் பார்க்கும், வித்தியாசம் இருந்தால் தன்னை மாற்றிக்கொண்டு இரண்டாவதைத் திருத்தும். இரண்டு பத்தியும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. நேற்று வராதவன் இன்று வந்து பலகையைப் பார்த்துத் தன் நிரைக்குப் போகிற மாதிரி.

பெயர் வைப்பதிலும் ஒரு சின்னப் பாடம் கிடைத்தது. முதலில் கருவியின் அடையாளமாகவே அதன் இடத்தை வைத்தேன், "மண்டபத் தொட்டி" என்று. அப்புறம் அந்தத் தொட்டியைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள், பழைய கணக்கெல்லாம் குழம்பிப்போனது. அடையாள எண் மாறாதது, சிப்போடு பிறந்தது. பெயர் ஒட்டுச் சீட்டு, மாற்றிக்கொள்ளலாம். ஊர்ப் பெயரே மாறுகிற ஊரில் இருந்துகொண்டு இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது பெரிய விஷயம், புதுப்பித்தல். ஃபர்ம்வேரில் தப்பு இருந்தால் கேபிளைச் செருகித்தான் மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு தப்புக்கும் ஓர் ஏணி. அதனால் காற்று வழியாகவே புது நிரலை இறக்கிக்கொள்ளும் வசதி, ஓடிஏ என்பார்கள். ஆறு கருவி ஆனதும் அதைப் போட்டேன், ஆனந்தமாக இருந்தது, கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு தொட்டிக்குப் புது மூளை அனுப்புவது சாதாரணமா? ஒரு வாரம் கழித்து, திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால், இரவு பதினொரு மணிக்கு, ஆறு கருவிக்கும் ஒரே நேரத்தில் ஒரு புதிய பதிப்பை அனுப்பினேன். சின்ன மாற்றம்தான். வைஃபை கடவுச்சொல்லைச் சேமிக்கும் இடத்தின் பெயரைச் சும்மா அழகுக்காக மாற்றியிருந்தேன். என் மேசைமேல் இருந்த கருவியில் நன்றாக ஓடியது. ஓடாமல் என்ன, அதில் புதுப் பெயரில் கடவுச்சொல்லை ஏற்கெனவே ஒரு தடவை போட்டு வைத்திருந்தேனே.

ஆறும் புது நிரலை இறக்கின, மறுதொடக்கம் ஆயின, புதுப் பெயரில் கடவுச்சொல்லைத் தேடின, இல்லை. வைஃபை இல்லை. வைஃபை இல்லாததால் நான் அவசரமாகத் திருத்தி அனுப்பிய அடுத்த பதிப்பும் போய்ச் சேரவில்லை. கவனியுங்கள், எதுவும் உறையவில்லை, காவல் நாய்க்கு ஒரு குறையும் இல்லை, ஒவ்வொரு கருவியும் ஒழுங்காக அளந்து, அனுப்பப் பார்த்து, தோற்று, தூங்கி, மறுபடி எழுந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. விடிந்ததும் பஸ் பிடித்து வந்து ஆறு இடத்திலும் மடிக்கணினியோடு ஏறினேன். பெரியவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதற்குச் சரியான முறை பல வருடங்களாக இருக்கிறது, நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். ஃபிளாஷை இரண்டு அறையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இப்போது ஓடும் நிரல் ஒரு அறையில், புது நிரலை இறக்குவது காலியாக இருக்கும் மற்ற அறையில். இறக்கும்போது பாதியில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, பழையது தொடப்படாமல் இருக்கிறது. முழுதும் இறங்கி, நிரலில் நாம் போட்ட டிஜிட்டல் கையெழுத்து சரிதானா என்று சோதித்த பிறகுதான் "அடுத்த தடவை அந்த அறையிலிருந்து எழு" என்று குறிக்கப்படும். ஆனால் எழுந்த புது நிரல் உடனே வீட்டுக்காரர் ஆகிவிடாது, தற்காலிக வேலைதான். "நான் நன்றாக இருக்கிறேன், என்னை உறுதி செய்" என்று அது தானே சொல்ல வேண்டும். சொல்வதற்குள் அணைந்து எழுந்தால் சிப் தானாகவே பழைய அறைக்குத் திரும்பிவிடும். இஎஸ்பி32 இதையெல்லாம் கொடுக்கிறது, அதற்கான அமைப்புகளைத் திறந்துவிட்டால் போதும்.

இதில் நுட்பம் எங்கே என்றால், "நன்றாக இருக்கிறேன்" என்று எப்போது சொல்வது என்பதில். எழுந்தவுடனே சொல்லும்படி எழுதினால் என் கதைதான் உங்களுக்கும். நான் இப்போது வைத்திருக்கும் நிபந்தனை: வைஃபை பிடிக்க வேண்டும், கிளவுடோடு இணைய வேண்டும், அனுப்பிய செய்திக்குப் பதில் வர வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இது நடக்கவில்லை என்றால் கருவி தன்னைத் தானே அணைத்துக்கொண்டு பழைய நிரலுக்குப் போய்விட வேண்டும். அதாவது அடுத்த புதுப்பிப்பு வந்து சேரும் வழி திறந்திருக்கிறது என்று நிரூபித்தால்தான் இந்தப் புதுப்பிப்புக்கு வேலை நிரந்தரம். அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் அனுப்பாதீர்கள். முதலில் ஒன்று, அதுவும் ஏணி குட்டையாக இருக்கும் இடத்தில் உள்ள ஒன்று. ஒரு நாள் விட்டு மூன்று. பிறகு மிச்சம். திருவிழா வாரத்தில் எதுவுமே அனுப்பாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பலர் கடைசியில் ஒரு வரி எழுதுவார்கள், தொட்டி மட்டத்தைத் திருடி யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று தோன்றும். திருடர்களுக்குத் தொட்டி மட்டம் வேண்டாம், உங்கள் கருவியே வேண்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் கிடந்த கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. பெரிய தந்திரம் எதுவும் இல்லை, தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த படையை வைத்து அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி, தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள், டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. ஆகவே எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, ஒன்று தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். பேச்சை, வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கும் டிஎல்எஸ் உறைக்குள் போட்டு அனுப்புங்கள், எம்கியூடிடிக்கு அதன் வாசல் எண் (போர்ட்) 8883, உறை இல்லாத 1883ஐ வெளியுலகத்துக்குத் திறக்கவே கூடாது.

உறைக்கும் ஆயுசு உண்டு. எதிர்ப்பக்கம் உண்மையான கிளவுட்தானா என்று சோதிக்கக் கருவிக்குள் ஒரு வேர்ச் சான்றிதழ் இருக்கும், அதற்குக் காலாவதித் தேதி இருக்கும். 2021 செப்டம்பர் 30ஆம் தேதி அப்படி ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, புதியது போடப்படாத எத்தனையோ பழைய சாதனங்களுக்குப் பல தளங்கள் திறக்காமல் போயின. கிளவுடே மூடப்படுவதும் உண்டு, கூகுள் இந்த மாதிரிக் கருவிகளுக்கான தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. சான்றிதழையும் சர்வர் முகவரியையும் பின்னால் மாற்ற முடிகிற மாதிரி வையுங்கள்.

மிச்ச விஷயங்கள் சுருக்கமாக. ஃபிளாஷில் ஒரே இடத்தில் சுமார் ஒரு லட்சம் தடவைதான் அழித்து எழுதலாம். நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினால் 69 நாளில் கணக்கு முடிந்தது, ஆகவே அளவுகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து எப்போதாவது எழுதுங்கள். பேட்டரியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், சிப் ஆழ்ந்து தூங்கும்போது இழுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவு, வைஃபையில் பேசும்போது 200 மில்லிஆம்பியரைத் தாண்டும், அதாவது பேச்சுதான் செலவு, ஆனால் கடையில் வாங்கும் பலகையில் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கே தூக்கத்தின் லாபத்தைத் தின்றுவிடும். ஊரில் கரண்ட் போய் வந்தால் எல்லாக் கருவியும் ஒரே நொடியில் எழுந்து கிளவுட் வாசலில் முட்டும், சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலில் நெரிசல் மாதிரி. ஒவ்வொன்றும் தோராயமாகச் சில நொடிகள் காத்திருந்து வரட்டும், தோற்றால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கட்டும்.

நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்திலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் எட்டு மணி நேரம் கூட்டுங்கள். நம் நேரம் மாறவே மாறாது என்று நினைக்காதீர்கள், தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1ஆம் தேதி எல்லாக் கடிகாரமும் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், நான் சொல்லும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ். ஒரு பலகை வாங்குங்கள், விளக்கை மினுக்கிப் பாருங்கள், எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு அடுத்து உணரியை மாட்டாதீர்கள். காற்று வழிப் புதுப்பிப்பையும் பழையதற்குத் திரும்பும் வழியையும் போடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு கெட்ட நிரலை அனுப்பி, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று மேசைமேலேயே சோதியுங்கள். வைஃபை பெட்டியைப் பிடுங்கிப் பாருங்கள். பாதியில் கரண்ட்டை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் உணரி, தொட்டி, எல்லாம். நிரல் எழுத ஆர்டுயினோ சூழல் போதும், 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது, எளிது. கருவிகள் பெருகினால் எஸ்பிரெசிஃப்பின் சொந்தக் கருவித்தொகுப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் தோட்டத்தில் ஒன்பது தொட்டிக்குக் கருவி இருக்கிறது. பெரியவரின் கைப்பேசியில் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வரி போகும், எத்தனை வந்தது எத்தனை வரவில்லை என்று. அதற்கு அவர் வைத்த பெயர் பெரட்டு. இன்றைக்கு வந்த வரி "ஒன்பதில் எட்டு". வராதது லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால் இருக்கும் தொட்டி. கடைசியாக அனுப்பியது நேற்று இரவு 9.40, சிக்னல் நன்றாக இருந்தது, கரண்ட் இருந்தது, நிரலும் மற்ற எட்டில் ஓடுகிற அதே பதிப்பு. நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். "எறும்புப்பா. டப்பா ஓட்டை வழியா வரிசையா போய்க்கிட்டிருக்கு, கீழ இருந்தே தெரியுது."

சனிக்கிழமை போக வேண்டும். ஏணிக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறாராம்.